பின்னிருக்கையின் காற்றுவழி

கர்த்தருக்குள் இளைப்பாறும் என் அன்பு மாப்பிள்ளை சாமுவேலுக்கு,

உங்கள் மறைவுக்குப் பின் நான் எழுதும் முதல் கடிதம் இது. இதில் துயரத்தைப் பாடப் போவதில்லை. தலைவனை இழந்தோர் பாடுவதற்கென்றே நம் முன்னோர் கையறுநிலை என்று ஒரு துறையை வகுத்து வைத்தார்கள். அத்துறைப் பாடல்களை வகுப்பறையில் நடத்தியே என் உத்தியோகக் காலம் கழிந்தது. உங்களுக்கோ அவற்றில் ஒருநாளும் பொறுமை இருந்ததில்லை. நான் ஒரு பாட்டைத் தொடங்கினால், "மச்சான், அது இருக்கட்டும், முன் டயர்ல காத்து கம்மியா இருக்கு, பார்த்தீங்களா?" என்று எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே உங்களுக்குப் பிடித்த பொருளையே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் காரைப் பற்றி எழுதுகிறேன்.

இறந்தோர் இவ்வுலகச் செய்திகளை அறிவார்களா என்று வேதம் வாசிப்போர் நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார்கள். அவ்வாதத்தில் நான் சேரவில்லை. முன்னமே அறிந்திருந்தால் நான் சொல்வதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், அறியாவிட்டால் கேட்டுக்கொள்ளுங்கள். நம் சபையின் மாத இதழில் இதை வெளியிட இசைந்ததற்கும் காரணம் உண்டு. பழைய ஹைபிரிட் கார் வைத்திருப்போர் ஆம்பூரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். உங்களிடம் சொல்வது அவர்கள் காதிலும் விழட்டும்.

அவர்களுக்காக மட்டும் ஒரு முன்னுரை. என் தங்கை எஸ்தருக்குச் சிறுநீரகங்கள் ஓய்ந்துபோயின. வாரத்தில் மூன்று நாள் வேலூருக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறாள். போகும்போது அவள் உட்கார்ந்து போவாள். வரும்போது படுத்துத்தான் வர முடியும். தோல் தொழிற்சாலையில் தோல்களைப் பார்த்துத் தரம் பிரிக்கும் செலக்டர் வேலையிலிருந்த அவள் கணவராகிய நீங்கள், இதற்காகவே அந்தக் காரைச் சென்னையில் தேடிப் பிடித்து, இரண்டாம் கையாக வாங்கினீர்கள். பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் மாறி மாறி இழுக்கும் வண்டி. நெரிசலில் ஊரும்போது எஞ்சின் தானே அணைந்துவிடும். சத்தமும் அதிர்வும் இல்லாமல் நகரும். "கட்டில்ல படுத்துக்கினே வீடு வந்து சேர்ற மாதிரி இருக்குண்ணா" என்று எஸ்தர் என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது.

நீங்கள் போன பின் கார் கொட்டகையிலேயே நின்றது. துக்கம் விசாரிக்க வந்தோரின் வாகனங்களிலும் உறவினர் தயவிலும் எஸ்தரின் பயணங்கள் நடந்தன. ஒருநாள் சாவியை எடுத்துக்கொண்டு போய்ப் பொத்தானை அழுத்தினேன். விளக்குகள் மங்கலாகத் துடித்து அவிந்தன. சென்னையிலிருக்கும் உங்கள் மகன் ஜோயலுக்குப் போன் செய்தேன்.

"மாமா, ஹைபிரிட் பேட்டரி போச்சுன்னா அவ்ளோதான். அப்பா இருந்தவரைக்கும் அது ஓடிச்சு. இனிமே அதுல காச கொட்டாதீங்க, எடைக்குப் போட்டுடுங்க" என்றான்.

அவன் சொன்னது தவறு. இவ்வகை வண்டியில் இரண்டு பேட்டரிகள் உண்டென்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். வண்டியை இழுப்பது பின்னிருக்கைக்குப் பின்னாலுள்ள பெரியது. அதைத் துயிலெழுப்புவது மற்ற கார்களில் இருப்பதைப் போன்ற ஒரு சிறியது. நெடுநாள் நின்றால் முதலில் சாவது சிறியதே. அதை மாற்றியதும் வண்டி விழித்துக்கொண்டது. வேறொரு காரிலிருந்து வயர் கொடுத்து எழுப்புவோர் கூட்டல் கழித்தல் முனைகளை மாற்றிப் பொருத்திவிடாமல் பார்க்க வேண்டும். மாறினால் சிறிய செலவு பெருஞ்செலவாகும். ஆரஞ்சு நிற உறை போட்ட கம்பிகளை, அறிந்தோர் தவிர எவரும் தொடவே கூடாது. அதில் உயிரைக் குடிக்கும் மின்சாரம் ஓடுகிறது.

முதல்நாள் ஓட்டத்தில் பிரேக் போட்டபோது தகரத்தைத் தேய்ப்பதுபோல் கிறீச்சிட்டது. அதற்கும் அஞ்சவில்லை. இவ்வண்டியில் வேகத்தைப் பெரும்பாலும் மின்மோட்டாரே தடுத்து, அந்த விசையைப் பேட்டரிக்கு அனுப்பிவிடுகிறது. பிரேக் தகடுகளுக்கு வேலை குறைவு. மழைக்காலத்தில் நின்றிருந்ததால் துரு ஏறியிருந்தது. காலி இடத்தில் மெல்ல மெல்லப் பலமுறை அழுத்தியதும் சத்தம் ஓய்ந்தது. இவ்வளவில் எல்லாம் சரியாயிற்று என்று எண்ணினேன்.

இப்போது உங்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்று. நீங்கள் வீட்டில் சுருட்டி வைத்திருந்த அந்தப் பழுப்புத் தோல்களை எஸ்தர் எடுத்துக் காட்டினாள். துணி இருக்கையில் வாந்தியின் வாடை தங்கிவிடுகிறது, தோலென்றால் துடைத்துவிடலாம் என்று கருதி, உங்கள் கையால் தேர்ந்து, கம்பெனியில் விலை கொடுத்து வாங்கி வைத்திருந்தவை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். ஒரு முள் கீறல் இல்லை. உரிக்கும் கத்தி பட்ட தடம் இல்லை. ஊசிமுனை ஓட்டைகூட இல்லை.

உங்களோடு வேலை பார்த்த மாதனூர் முனுசாமி, தையல் பிரிவிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். கூலி கேட்கவில்லை, கொடுத்தபோது கோபித்துக்கொண்டார். பின்னிருக்கை முழுவதையும், அதன் இரு பக்கச் சுவர்களையும் சேர்த்து, ஒரே தோலில் செய்ததுபோல் இழைத்துத் தைத்துவிட்டுப் போனார்கள். எஸ்தர் அதில் கன்னத்தை வைத்துப் படுத்தாள்.

பனிக்காலம் முழுதும் வண்டி குறையின்றி ஓடியது. சித்திரை பிறந்தது.

பிரிவைப் பாடிய பழம்புலவர்கள் ஏன் எப்போதும் வெயிலைப் பாடினார்கள் என்பதை வேலூர்ச் சாலையில் கண்டுகொள்ளலாம். அன்று சிகிச்சை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். பள்ளிகொண்டாவைத் தாண்டியதும் எஞ்சின் அணையாமல் உறுமத் தொடங்கியது. திரையில் பேட்டரியின் கோடுகள் விறுவிறுவென இறங்கின, ஏறின, மறுபடி இறங்கின. பின்னால் ஒரு விசிறி சூறைக்காற்றைப்போல் இரைந்தது. பிறகு சிவப்பு எச்சரிக்கை முக்கோணம் எரிந்தது. வண்டியின் வலு தளர்ந்தது. மாதனூரில் ஓரங்கட்டினேன். ஷூ கம்பெனிப் பேருந்திலிருந்து இறங்கிய பெண்கள் சிலர் எஸ்தரைக் கைத்தாங்கலாக இறக்கி ஒரு கடைநிழலில் உட்கார வைத்தார்கள். அவள் முகம் வெளுத்திருந்தது. ஒருத்தி துப்பட்டாவால் விசிறினாள்.

"இன்னா பெரியவரே, பேஷண்ட இப்படி ஒரு டப்பா வண்டியில இட்டுக்கினு வர்றீங்க?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

எஸ்தர்தான் கண்ணை மூடியபடியே சொன்னாள்: "டப்பா இல்லம்மா. எங்க வீட்டுக்காரர் வண்டி."

அரை மணி ஆறியபின் முக்கோணம் மறைந்து, வண்டி வீடுவரை வந்தது. ஆறினால் சரியாகிறது என்பதை மனத்தில் குறித்துக்கொண்டேன்.

அடுத்த இரு பயணங்களுக்கு வாடகைக் கார் வைத்தோம். முதல் ஓட்டுநர், அவள் ஏறுமுன்பே இருக்கையில் பிளாஸ்டிக் தாளை விரித்தார். "யம்மா, வாந்தி கீந்தி எடுத்துடாதீங்க. போன வாரம்தான் சீட்டு மாத்தினேன்" என்றார். அவள் நெடுக உட்கார்ந்தபடியே வந்தாள். இரண்டாமவர் மருத்துவமனையில் காத்திராமல் வேறு சவாரிக்குப் போய்விட்டார். வெளிவாசலில் வெகுநேரம் நின்றோம்.

அன்று மாலை எஸ்தர் என்னிடம் சொன்னாள்: "அண்ணா, இனிமே வாரத்துக்கு ரெண்டு தரம் போதும். உடம்பு ஒண்ணும் ஜாஸ்தி கெட்டுப் போய்டாது. உங்களுக்கும் வயசாச்சு, எல்லாருக்கும் பேஜாரு."

அவள் ஓய்வுபெற்ற நர்ஸ். ஒரு முறை தவறினால் உடலில் நீர் கோத்து நுரையீரலில் தேங்கி மூச்சுத்திணறச் செய்யும் என்பது அவளுக்குத் தெரியாததன்று. தெரிந்தே சொன்னாள். அப்போதுதான் இந்த வண்டியின் கோளாறு என்ன என்பதை நான் கண்டறிந்தே தீரவேண்டும் என்று உணர்ந்தேன். மாப்பிள்ளை, நீங்கள் இருந்திருந்தால் அவளுக்கு என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?

மேல்விஷாரத்திலிருந்து அக்பர் பாயை வரவழைத்தேன். கார் மின்வேலை பார்ப்பவர். தம் திறமையைப் பற்றித் தாமே பேசிக்கொள்வதில் குறை வைக்காதவர். வந்ததும் முக்கோணத்தைப் பார்த்தார், தலையசைத்தார்.

"பெரிய பேட்டரி அவுட்டு சார். பார்த்தவுடனே சொல்லிடுவேன். சென்னையில நம்ம தோஸ்த் ஒருத்தன் கிட்ட பழைய பேட்டரி கீது, எடுத்தாரட்டா?"

"பார்க்காமலே எப்படிச் சொல்கிறீர்கள், பாய்? முதலில் சோதித்துப் பாருங்கள்" என்றேன்.

"அட, சோதிச்சாலும் அதான் சார் வரும்" என்றபடி கையடக்கக் கருவியைப் பொருத்தி எங்களை ஒரு சுற்று ஓட்டச் சொன்னார். திரும்பி வந்தபோது அவர் பேச்சின் வேகம் குறைந்திருந்தது. பேட்டரியில் பல செல் கட்டுகள் உண்டு. செத்ததென்றால் ஒன்றிரண்டு கட்டுகளின் மின்னழுத்தம் மற்றவற்றைவிடத் தாழ்ந்து நிற்க வேண்டும். இங்கே எல்லாம் ஏறத்தாழ ஒரே வரிசையில் நின்றன. சூடு மட்டும் அளவு மீறியிருந்தது.

"நல்லவேளை சார், நான் செக் பண்ணலாம்னு சொன்னேன்" என்றார்.

எஸ்தர் சிரித்துவிட்டாள். நீங்கள் போன பின் அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

சூடானால் குளிர்விக்கும் விசிறியில் தூசி அடைத்திருக்க வேண்டும். நம் ஊர்க் காற்றில் தோல் தேய்க்கும் தூசிக்குப் பஞ்சமில்லை. அக்பர் பாய் பின்பெட்டி வழியாகக் கழற்றி விசிறியை வெளியே எடுத்தார். கொஞ்சம் தூசி இருந்தது. வண்டியை நிறுத்துமளவுக்கு இல்லை. துடைத்துப் பொருத்தி ஓடவிட்டார். அது முழுமூச்சாகச் சுழன்றது.

"ஃபேன் ஓடுது, சுத்தமாவும் கீது. அப்போ சூடு ஏன் எறங்கல? இது எங்கேர்ந்து காத்த இழுக்குது?" என்று தமக்குத் தாமே கேட்டுக்கொண்டார்.

எஸ்தர் தன் வழக்கமான இடத்தில் பின்னிருக்கையில் உட்கார்ந்திருந்தாள். அந்த இரைச்சல் எப்போதும் தன் காதுக்குப் பின்னால், ஓரமாகக் கேட்கிறது என்றாள். பிறகு பக்கச் சுவரின் தோலில் உள்ளங்கையை வைத்தாள். நோயாளியின் மார்பில் கை வைத்து மூச்சைப் பார்க்கும் பழக்கம் அவள் விரல்களை விட்டுப் போகவில்லை.

"அண்ணா, இங்க தொட்டுப் பாருங்க. தோலு உள்ளார இழுக்குது."

தொட்டேன். அவ்விடத்தில் தோல் உட்குழிந்து விறைத்திருந்தது. விசிறியை நிறுத்தியதும் மெல்ல நிமிர்ந்தது. மறுபடி ஓடவிட்டதும் குழிந்தது. மண்ணால் உருவாக்கிய மனிதனின் நாசியில் தேவன் மூச்சை ஊதினார் என்று சிறுவயது முதல் ஓதி வந்திருக்கிறேன். மூச்சுக்கு ஒரு வாசல் வேண்டும் என்பதை அந்த இடத்தில் கையால் உணர்ந்தேன். பெரிய பேட்டரி குளிர்ந்த காற்றைப் பயணிகள் இருக்கும் பகுதியிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதன் வாசலைப் புதிய தோலால் நாம் மூடியிருந்தோம்; பனிக்காலக் குளிரில் தெரியாதது சித்திரை வெயிலில் தெரிந்துவிட்டது.

அன்று மாலையே முனுசாமியை வரச் சொன்னேன்.

"ஆமா சார், அங்க சல்லடையாட்டம் ஒண்ணு இருந்துச்சு" என்றார் அவர். "ஓட்டை வுட்டு வெட்டலாமான்னு பையன் கேட்டான். நான்தான் திட்டினேன். செலக்டர் ஐயா பொறுக்கின தோலுடா, அதுல ஓட்டையா? ஒரு குண்டூசி ஓட்டை இருந்தாலே எங்க சரக்க தூக்கி அடுத்த ரகத்துல போடுவாரு மனுஷன். அவரு தோல்ல நாங்களே ஓட்டை போட்டா, நாளைக்கு மேல போய் அவரு மூஞ்சிய எப்படி பார்க்கிறது?"

நான் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. எப்படிக் கடிவது? இத்தவறு வேறெந்த ஊரிலும் நேராது. ஓட்டையில்லாத தோல் என்பதற்காகவே வாழ்நாளைச் செலவிட்ட மனிதருக்கு, அவரிடம் பயின்றோர் செய்த மரியாதை அது.

பிறகு ஒரு வழக்கு நடந்தது. முனுசாமி, செருப்பின் மேல்தோலில் போடுவதுபோல் வரிசையாகச் சிறு துளைகள் பஞ்ச் செய்துவிடலாம், பார்க்க அழகாகவும் இருக்கும் என்றார்.

"இது கால் வேர்க்கிறதுக்கு வுடுற ஓட்டை இல்ல அண்ணாத்த" என்றார் அக்பர் பாய். "பேட்டரிக்கு இட்லித் தட்டு ஓட்டை பத்தாது. மொத்தமா தொறக்கணும்."

"தொற. உன் கையால தொற. நான் ஐயா தோல்ல கத்தி வைக்க மாட்டேன்."

"தோலு என் வேலை இல்ல. கோணலா வெட்டிட்டா ஊரே என்னய ஏசும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் எஸ்தரைப் பார்த்தேன்.

"வெள்ளிப் பேனா வெச்சிருக்கீங்களா முனுசாமி?" என்று கேட்டாள். தோலில் குறிக்கும் அந்தப் பேனாவை அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். விரலால் தடவித் தடவிச் சல்லடையின் நான்கு ஓரங்களையும் கண்டு கோடு போட்டாள். ஆபரேஷன் தியேட்டரில் நின்ற கை, இன்னும் நடுங்கவில்லை. டயாலிசிஸ் ஊசி ஏற்றும் இடக்கையை மடியில் வைத்துக்கொண்டு, வலக்கையால் கத்தியைப் பிடித்தாள்.

"எம்மா, வேணாம்மா. ஐயா பார்த்தாருன்னா..." என்றார் முனுசாமி.

"பார்த்தா இன்னா சொல்வாரு?" என்றாள் அவள். "இதை எனக்காகத்தான பொறுக்கி வெச்சாரு? நான் மூச்சு வாங்கினு கெடந்தா இந்தத் தோலு எந்த ரகமா இருந்தா அவருக்கு இன்னா?"

அவள் வெட்டினாள். நீள்சதுரமாக, சுத்தமாக, ஒரே இழுப்பில் ஒவ்வொரு பக்கமும். முனுசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெட்டிய ஓரங்களை உள்ளே மடித்துத் தைத்தார். அக்பர் பாய் பழைய பிழைப்பதிவை அழித்துவிட்டு வண்டியை ஓட்டிப் பார்த்தார். விசிறி முணுமுணுப்பாய்த் தணிந்தது. திரையில் சூடு இறங்கியது, நின்றது. "சொன்னேன்ல சார், பேட்டரி நல்லாத்தான் கீதுன்னு" என்றார்.

மாப்பிள்ளை, இப்போது அந்தத் தோலை உங்கள் முன் விரித்தால் எந்த ரகத்தில் போடுவீர்கள்? உண்மையாகவே கேட்கிறேன்.

இதழை வாசிப்போர் ஒன்றைக் குறித்துக்கொள்ளட்டும். உங்கள் ஹைபிரிட் வண்டியில் முக்கோணம் எரிந்தவுடன் பேட்டரி செத்தது என்று முடிவு கட்டாதீர்கள். சோதித்துப் பாருங்கள். பின்னிருக்கை ஓரத்தில் காற்றுவழி எங்கே என்று தேடுங்கள். அதன்மேல் உறையோ பையோ போர்வையோ கிடக்கிறதா என்று பாருங்கள்.

வியாழக்கிழமை வேலூர் போய் வந்தோம். வெயில் அன்றைக்கும் அதே வெயில்தான். பள்ளிகொண்டா கடந்தது, மாதனூர் கடந்தது. திரையில் ஒன்றும் எரியவில்லை. ஊருக்குள் நுழைந்ததும் எஞ்சின் அணைந்தது. அந்த அமைதியில் பின்னாலிருந்து அவள் உறங்கும் மூச்சு எனக்குக் கேட்டது. வீட்டு வாசலில் நிறுத்தியும் எழுப்ப மனமில்லை. குளிர்காற்று ஓட, எஞ்சின் அவ்வப்போது தானே விழித்துத் தானே அடங்க, நான் முன்னிருக்கையில் அமர்ந்து மாலை ஜெபத்தை மனத்துக்குள் சொல்லி முடித்தேன். அவள் கண் விழித்துக் கேட்டது இதைத்தான்: "சனிக்கிழமைக்கு எத்தனை மணிக்குண்ணா கிளம்பணும்?"

வாரத்துக்கு இரண்டு போதும் என்ற பேச்சை அவள் பிறகு எடுக்கவில்லை.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இவ்வண்டியை என்றென்றைக்கும் காப்பேன் என்று சொல்லமாட்டேன். சிருஷ்டிக்கப்பட்ட எதற்கும் அந்த வாக்குறுதி இல்லை. ஒருநாள் அதன் பெரிய பேட்டரி மெய்யாகவே ஓயும். அன்று காரை விடுவேன், அவளுடைய பயணத்தை விடமாட்டேன். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும், எனக்குக் கண்பார்வை உள்ளவரை நானும் அதன்பின் நான் ஏற்பாடு செய்யும் நல்ல ஓட்டுநர் ஒருவரும், அவளைப் படுக்க வைத்தே வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்போம்.

நாளை சனிக்கிழமை. விடியுமுன் கிளம்ப வேண்டும். இத்துடன் முடிக்கிறேன்.

எஸ்தரின் அண்ணனும்,
என்றும் உங்களுக்கு மச்சானுமாகிய நான்.